டிரான்ஸ்பார்மர் மேல் பாரத மாதா

1. முந்தின நாள்

1956 ஆகஸ்டு 14, செவ்வாய்க்கிழமை. விடியும்போது லேசான தூறல், பிறகு வெறித்துவிட்டது. வழக்கம்போல ஐந்தரைக்கு எழுந்து குளித்து, ராகிக் கூழ் குடித்துவிட்டு, ஓசூர் செக்‌ஷன் ஆபீசில் ஏழு மணிக்குக் கையெழுத்துப் போட்டேன். ரப்பர் கையுறைகளைச் சோதிப்பது என் முதல் வேலை. மணிக்கட்டுப் பக்கமிருந்து சுருட்டினால் உள்ளே காற்று அடைபடும். அதைக் காதருகே வைத்து, எங்காவது கசிகிறதா என்று கேட்பேன். அன்று கசிவு இல்லை. இடுப்பு பெல்ட், கயிறு, லைனில் தவறி வரும் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கும் எர்த் ராட், மரம் வெட்டும் கொடுவாள் எல்லாவற்றையும் எண்ணிச் சாக்கில் கட்டி, லைன்மேன் மாரப்பனிடம் கொடுத்தேன்.

நான் அப்போது லைன் இன்ஸ்பெக்டர். புதிதாக லைன் இழுப்பதும், இழுத்த லைனை நடந்து பார்த்து, மின்சாரம் விடலாம் என்று எழுதிக் கொடுப்பதும் என் பொறுப்பு. இப்போது வேலைக்குச் சேரும் வயர்மேன்களுக்கு இதையெல்லாம் புத்தகத்தில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். புத்தகத்தில் இல்லாத ஒன்றை நான் தெரிந்துகொண்ட இடம் கொத்தசந்திரம். அதனால்தான் இந்தக் குறிப்பு.

கொத்தசந்திரம் ஜூஜுவாடிக்குக் கிழக்கே உள்ளடங்கிய ஊர். ஊருக்கு அப்பால் சிறிது தூரத்தில் மைசூர் ராஜ்யம் தொடங்கிவிடும். வீட்டில் தெலுங்கு, வயலில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று மூன்றும் பேசுகிற ஊர். பெங்களூர் ரோட்டில் போகும் பெரிய லைனிலிருந்து கிளை பிரித்து, மூன்று மைல் தூரத்துக்கு அந்த ஊருக்கு 11 கே.வி. லைன் இழுத்திருந்தோம். ரோட்டோரம் கிளை பிரியும் கம்பத்தில், மின்சாரத்தை விடவும் நிறுத்தவும் ஏ.பி. சுவிட்ச். அதன் கைப்பிடியைக் கம்பத்தின் அடியில் நின்றே இயக்கலாம். லைனின் மறுமுனையில், ஊர் நுழைவாயிலில், இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு மேடை. அந்த மேடையின் மேல் டிரான்ஸ்பார்மர். ஊர்க்காரர்கள் அதைப் 'பெட்டி' என்பார்கள்.

கம்பமும் கம்பியும் முந்தின வருஷமே முடிந்துவிட்டன. டிரான்ஸ்பார்மர் வந்து சேரத்தான் தாமதம். அதுவரை அந்த லைன் உயிரில்லாமல் நின்றது. கம்பம் சாயாமல் இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பியில் துணி காயப்போட்டார்கள். கம்பத்தில் ஆடு கட்டினார்கள். புளியமரம், வேப்பமரம் மாதிரி அதுவும் ஊரில் ஒரு மரம் என்று ஆகிவிட்டது. சுதந்திர தினத்தன்று காலை பத்து மணிக்கு மின்சாரம் விடுவதென்று முடிவாகியிருந்ததால், அதற்கு முந்தின நாள் நானும் மாரப்பனும் லைன் நெடுகிலும் நடந்தோம்.

வழியில் புங்கமரக் கிளைகளைக் கழித்தோம். சிக்கிக் கிடந்த ஒரு பட்டத்தை எடுத்தோம். மதியத்துக்கு மேல் பெட்டியடிக்குப் போய்ச் சேர்ந்தால், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கூட்டம் துடைப்பமும் கூடையுமாக நின்றது. கம்பங்களைச் சுற்றியிருந்த ஆட்டுப் புழுக்கையைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன புள்ளைங்களா, யாரு சொன்னா இதை?"

"வாத்தியார் சார். நாளைக்கு சுதந்திர தினம். சுத்தம் பண்றோம்" என்றாள் கூட்டத்துக்குத் தலைவி போல நின்ற ஒரு பெண். பெயர் நாகம்மா என்றாள். நாலாம் வகுப்பு.

அபாயப் பலகையில் இருந்த மண்டை ஓட்டின் நெற்றியில் யாரோ குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள். மாரப்பன் அதைப் பார்த்துச் சிரித்தான்.

"சார், இதுக்கும் பூஜை போட்டுட்டாங்கோ. இனி பயமில்ல. நம்மள ஒண்ணும் பண்ணாது."

புது வண்டிக்கும் புது மோட்டாருக்கும் பொட்டு வைப்பது இந்தப் பக்கம் வழக்கம். நானும் சிரித்தேன். சாயங்காலம் ஊர்த் தண்டோராக்காரனைக் கூப்பிட்டு, வழக்கமான வாசகத்தைச் சொல்லச் சொன்னோம். "நாளைக்குக் காலை பத்து மணிக்குக் கரண்டு வருது. யாரும் கம்பத்தத் தொடாதீங்க, கம்பியத் தொடாதீங்க." எந்த ஊரிலும் இதே இரண்டு வரிதான். அவன் பறையை அடித்து மூன்று பாஷையிலும் சொன்னான். பிள்ளைகள் அவன் பின்னாலேயே போய் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நாங்கள் எர்த் ராடைக் கழற்றிக்கொண்டு திரும்பினோம். ஆள் யாரும் லைனில் இல்லை, மின்சாரம் விடலாம் என்று லைன் கிளியரைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன்.

2. வாத்தியார் சொன்னது

பதினைந்தாம் தேதி காலை, ரோட்டோரத்தில் சுவிட்ச் கம்பத்தை ஒட்டிச் சின்னப் பந்தல். விழாவை ஊரிலேயே வைத்திருக்கலாம். ஆனால் மழையில் வண்டிப்பாதை சேறாகிவிட்டதால், விழாவுக்கு வரும் பெரிய மனிதர்களின் கார்கள் உள்ளே போகாது. சுவிட்சின் கைப்பிடிக்கு மாலை போட்டிருந்தார்கள். கைப்பிடியை இயக்கப் போகிறவர் பஞ்சாயத்துத் தலைவர் முனிரெட்டி. கொத்தசந்திரத்துக்காரர், நிலபுலம் உள்ளவர். நான் கொடுத்த ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டே பேச ஆரம்பித்தார். கையுறை அவருக்குப் பெரிது. கையை ஆட்டி ஆட்டிப் பேசியபோது விரல் நுனிகள் தனியாக ஆடின.

கொத்தசந்திரம் பள்ளிக்கூடத்து வாத்தியார் நரசிம்மய்யா என் பக்கத்தில் வந்து நின்றார். அது ஓராசிரியர் பள்ளி. ஊரில் கொடியேற்றிவிட்டு, பாடுவதற்காக ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை மட்டும் இங்கே அழைத்து வந்திருந்தார். அமைதியான மனிதர். அன்று உற்சாகம் தாங்காமல், தலைவர் பேசிக்கொண்டிருக்கும்போதே என் காதில் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"இன்ஸ்பெக்டர் சார், இந்த வருஷம் கொடியேத்திட்டு மிட்டாய் குடுத்து அனுப்பற கதையெல்லாம் இல்ல. பசங்களைக் கேட்டேன், பண்டிகைன்னா என்னடான்னு. புதுச்சட்டைங்கறான் ஒருத்தன். கறிச்சோறுங்கறான் இன்னொருத்தன். சரி, சுதந்திர தினம் யாரு வூட்டுப் பண்டிகைன்னேன். ஒருத்தருக்கும் தெரியல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சாமி பண்டிகை அவங்கவங்க சாமிக்கு. பொங்கல் வெள்ளாமைக்கு. இது ரெண்டும் இல்ல. எல்லாருக்கும் சொந்தமான நாடு ஒண்ணு நமக்குக் கெடச்ச நாளு. அதனால அவங்கவங்க வூட்டை அலங்காரம் பண்ணக்கூடாது. ஊர்ல எல்லாருக்கும் சொந்தமானது எது, ஒருத்தருக்கு மட்டும் சொந்தமில்லாதது எது, அதைப் பாத்துட்டு வாங்கடா, அதைத்தான் தொடச்சு அலங்காரம் பண்ணணும்னேன்."

நல்ல யோசனை என்று எனக்கு உண்மையாகவே தோன்றியது. என்ன பார்த்து வந்தார்கள் என்று கேட்டேன்.

"பொதுக் கெணறு. சாவடி. பள்ளிக்கூடம். அப்புறம் ரோட்டு மைல்கல்லு. அதுல பாருங்க, மைசூர் பக்கம் நிக்கற கல்லுக்கும் போய் சுண்ணாம்பு அடிச்சிட்டு வந்துட்டானுங்க. ஏன்டான்னா, அந்தப் பக்கம் இருக்கறதும் நம்ம நாடுதானே சார்ங்கறானுங்க. நான் என்ன சொல்றது?"

இருவரும் சத்தமில்லாமல் சிரித்தோம். பந்தலில் தலைவர் பேச்சை முடித்துவிட்டார். கை தட்டினார்கள். அவர் கைப்பிடியை நோக்கி நடந்தார்.

"அஞ்சாவதா ஒண்ணு இருக்கு" என்றார் வாத்தியார். "மூணாம் வகுப்பும் நாலாம் வகுப்பும் சேந்து எடுத்துக்கிட்டது. உங்க பெட்டி."

"பார்த்தேன். நேத்துக் கீழே கூட்டிட்டு இருந்தாங்க."

"கீழ என்ன சார் இருக்குது? மேலதான். நம்ம தஸ்தகீர் பொண்ணு பாரத மாதா வேஷம் போட்டு மேல உக்காந்திருக்கும். கரண்டு மொதல்ல அங்கதானே வந்து எறங்கும்? ஊருக்கு வர்ற புது விருந்தாளி, வாசல்ல நின்னு ஆரத்தி எடுக்கணும்னு பசங்களே முடிவு பண்ணிடுச்சிங்க. பத்து மணிக்கு எல்லாம் ரெடியா நிக்கும்."

அவர் கடைசியாகச் சொன்னது எனக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

தலைவரின் கை கைப்பிடியின் மேல் இருந்தது. கையைப் பிடித்து இழுத்தேன். கையுறை மட்டும் கழன்று என்னோடு வந்தது. அவர் கை இன்னும் அங்கேயே இருந்தது. பின்னாலிருந்து அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் சேற்றில் உட்கார்ந்தோம்.

"டேய், யாரு மேல கை வெக்கற!" என்று கத்தினார் அவர். பந்தலில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். யாரோ என் சட்டையைப் பிடித்தார்கள்.

எங்கள் இன்ஜினீயர் என் முன்னால் வந்து நின்றார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிட வயதில் சிறியவர். "என்னங்க இது?" என்றார்.

"சார், பெட்டி மேல புள்ளைங்க."

 அவர் நேராகக் கைப்பிடிக்குப் போனார். மாலையைப் பிய்த்துப் போட்டுவிட்டு, கைப்பிடியை நிறுத்திய நிலையிலேயே பூட்டினார். சாவியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"இது உங்ககிட்டவே இருக்கட்டும். ஜீப்பை எடுத்துட்டுப் போங்க. நீங்க திரும்பி வர்ற வரைக்கும் நான் இந்தக் கைப்பிடிகிட்டவேதான் நிப்பேன். ஒருத்தரும் கிட்ட வர மாட்டாங்க."

தலைவர் சேற்றிலிருந்து எழவே இல்லை. கத்துவதை எப்போதோ நிறுத்தியிருந்தார். "எங்க அண்ணன் புள்ளைங்க அங்கதான்யா இருக்குதுங்க" என்று மட்டும் சொன்னார்.

3. ஜீப்பில்

முன்னால் நானும் டிரைவரும். பின்னால் தலைவர், வாத்தியார், மாரப்பன். வண்டிப்பாதையில் ஜீப் வழுக்கி வழுக்கிப் போனது. சுவிட்ச் பூட்டியிருக்கிறது. சாவி என் கையில் இருக்கிறது. இன்ஜினீயர் காவலுக்கு நிற்கிறார். மேலே போகும் கம்பியில் ஒரு துளி மின்சாரம் இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். இருந்தும் கம்பியையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வாத்தியார் பின்னாலிருந்து கேட்டார். "சார், கம்பியைத் தொட்டாத்தானே ஆபத்து? தண்டோராவுல அப்பிடித்தானே சொன்னாங்க? அது பெட்டி சார், மூடித்தானே இருக்குது? பசங்ககிட்ட நூறு தடவ சொல்லியிருக்கேன், கம்பிக் கிட்டயே போகக்கூடாதுன்னு."

நான் திரும்பித் தலைவரைப் பார்த்தேன்.

"சொல்லுய்யா" என்றார் தலைவர்.

"கம்பி வந்து முடியறது அந்தப் பெட்டி மேலதாங்க. மூடிமேல உக்காந்து கைய நீட்டினா, கைக்கு எட்டறது கம்பிதான்."

 வழி முழுதும் "ராமா, ராமா" என்று வாத்தியார் முணுமுணுப்பது மட்டும் கேட்டது. தலைவர் மாரப்பனின் தோளைப் பிடித்திருந்தார். பிடித்த இடம் கன்றிப்போயிருந்ததை மறுநாள் மாரப்பன் எனக்குக் காட்டினான்.

4. பெட்டி மேல்

இருபத்து மூன்று வருஷ உத்தியோகத்தில் நான் பார்த்த விபத்துகள் கொஞ்சமில்லை. கருகிய கையைப் பார்த்திருக்கிறேன். கம்பத்தின் மேலேயே உயிர்போன ஆளைக் கயிறு கட்டி இறக்கியிருக்கிறேன். அன்று கொத்தசந்திரத்தில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் நான் பார்த்த காட்சிகளிலேயே என்னை அதிகம் உலுக்கியது அதுதான். அதனால் பார்த்தது பார்த்தபடி எழுதுகிறேன்.

பெட்டியடியில் சாணம் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. வைக்கோல் போருக்குச் சார்த்துகிற மூங்கில் ஏணி ஒன்று மேடையில் சார்த்தியிருந்தது. யாரும் ஏறாமல் இருக்கக் கம்பங்களில் நாங்கள் சுற்றியிருந்த முள்கம்பியை அந்த ஏணி சுத்தமாகத் தவிர்த்துவிட்டது. ஏணியின் இரண்டு பக்கமும் இரண்டு பையன்கள் அதை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நாகம்மா கையில் ஆரத்தித் தட்டு. மற்றப் பிள்ளைகள் உயர வரிசைப்படி, கையில் காகிதக் கொடியுடன் நின்றார்கள். யாரும் தள்ளவில்லை. ஓடிப் பிடித்து விளையாடவில்லை. அவ்வளவு ஒழுங்கான கூட்டத்தை நான் எந்தக் கொடியேற்றத்திலும் பார்த்ததில்லை.

மேலே டிரான்ஸ்பார்மரின் மூடிமீது சாக்கை மடித்துப் போட்டு, இரண்டாம் வகுப்புப் பெண் ஷம்ஷாத் உட்கார்ந்திருந்தாள். சந்தையில் பருப்பு மண்டி வைத்திருக்கும் தஸ்தகீரின் மகள். வாத்தியார் வீட்டு அம்மாளின் வெள்ளைப் புடவையைச் சுற்றியிருந்தார்கள். தலையில் அட்டைக் கிரீடம். வலது கையில் கொடி. கொடிக்கழி நீளமான இரும்புக் கம்பி.

அவளுடைய முழங்காலுக்குப் பக்கத்தில், மேலிருந்து லைன் வந்து சேருகிற மூன்று பீங்கான்கள். அந்த மூன்றுக்கும் வண்ணம் பூசியிருந்தார்கள். ஒன்றுக்குக் காவி, ஒன்றுக்குச் சுண்ணாம்பு, ஒன்றுக்கு இலைச்சாறு. மூன்றையும் சேர்த்து ஈரக் கனகாம்பரச் சரம் சுற்றியிருந்தது. சரத்தின் மறுமுனை ஷம்ஷாத்தின் கழுத்தில் மாலையாகக் கிடந்தது.

வாத்தியார் அதைப் பார்த்தார். ஜீப்பிலிருந்து இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டார்.

நாகம்மா தட்டைப் பிடித்தபடி முன்னால் வந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்து ஏதோ தப்பு என்று புரிந்துகொண்டிருக்க வேண்டும். நாங்கள் கேட்பதற்கு முன்பே வேகமாகச் சொன்னாள்.

"சார், கம்பத்தத் தொடல. ஏணி வெச்சுத்தான் ஏறினோம். கம்பியத் தொடல. பீங்கானுக்கு மட்டும்தான் கலர் அடிச்சோம். மூணு இருந்துச்சு சார், கொடிக்கும் மூணு கலரு. வேணும்னா கேட்டுப் பாருங்க, ஒருத்தரும் கம்பியத் தொடல."

அவள் சொன்னது முழுக்க உண்மை. நாங்கள் தண்டோரா போட்டது இரண்டே இரண்டு காரியம். இரண்டையும் ஒரு இம்மி பிசகாமல் அந்தப் பிள்ளைகள் கடைப்பிடித்திருந்தார்கள். அதுதான் என்னை உறைய வைத்தது. சொல்பேச்சு கேட்காத பிள்ளைகளாக இருந்தால் திட்டியிருக்கலாம். சொன்னபடி கேட்ட பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

நான் ஏணியில் ஏறினேன். சுவிட்ச் பூட்டியிருப்பது தெரிந்தும் மேடையருகே போனதும் கை தானாகப் பின்னுக்கு வந்தது. சட்டைப் பையைத் தொட்டுச் சாவி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். எர்த் ராடை மாரப்பனிடம் வாங்கி லைனில் மாட்டினேன். அதற்குப் பிறகுதான் அவளிடம் பேசினேன்.

"இறங்கலாமா பாப்பா?"

"கரண்டு வந்துடுச்சா?"

"இன்னும் இல்ல."

"அப்ப நான் ஏன் எறங்கணும்? வாத்தியார் பத்து மணி வரைக்கும் அசையக்கூடாதுன்னாரு."

"வழியிலேயே நின்னுட்டு இருக்குது. நீ இறங்கினாத்தான் வரும்."

அவள் தலையைச் சாய்த்தாள். கிரீடம் நெற்றியில் சரிந்தது. "ஏன், என்னப் பாத்தா பயமா?"

"ஆமா."

"கரண்டுக்கா?"

"இல்லம்மா. எனக்கு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இவ்வளவு பெரிய ஆள் தன்னைப் பார்த்துப் பயப்படுவது அவளுக்குப் பிடித்திருந்தது. கொடியை முதலில் என்னிடம் கொடுத்தாள். "கீழ போடாதீங்க, மண்ணுல படக்கூடாது" என்றாள். பிறகு கழுத்து மாலையைக் கழற்றவிட்டாள். நான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். தரைக்கு வந்ததும் அவளை இறக்கிவிட்டேன். ஏணியின் கடைசிப் படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தலைவர் தன் அண்ணன் பிள்ளைகளை வரிசையில் தேடிக் கண்டுபிடித்துத் தலையைத் தடவினார். ஏணியைப் பிடித்து நின்றவர்களில் ஒருவன் அவர்கள் வீட்டுப் பையன். பிறகு அவன் பக்கத்தில் நின்றவனையும் தடவினார். அப்படியே வரிசை முழுக்க ஒவ்வொரு தலையாகத் தொட்டுக்கொண்டே போனார். பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. அடிக்கப் போகிறார் என்று ஒன்றிரண்டு பேர் கழுத்தைக் குறுக்கினார்கள்.

"இன்னைக்குக்கூட அடிப்பீங்களா, ரெட்டியாரே?" என்றான் ஒரு பையன்.

"இல்லடா" என்றார் அவர்.

5. பிற்பகல்

நான் ஜீப்பில் திரும்பிப்போய் இன்ஜினீயரை அழைத்து வந்தேன். அவர் பீங்கான்களின் மூன்று வண்ணத்தைப் பார்த்தார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "இன்னைக்கு லைன் சார்ஜ் பண்ண வேண்டாம்" என்றார். பந்தலில் இருந்த பெரிய மனிதர்களுக்கு அவரே போய்ச் சமாதானம் சொன்னார். என்ன சொன்னாரென்று எனக்குத் தெரியாது. பிற்பாடு யாரும் என்னை விளக்கம் கேட்கவில்லை.

வாத்தியார் பள்ளிக்கூடத்துக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "நான் வேலைய விட்டுடறேன் சார். புள்ளைங்களை நல்லபடியா வெச்சிருக்கறேன்னு நெனச்சுக்கிட்டு, நானே கொண்டுபோய் ஒக்கார வெச்சிருக்கறேன்" என்றார்.

"நீங்க சொல்லிக்கொடுத்ததுல தப்பில்ல" என்றேன். "எல்லாருக்கும் சொந்தமானது எதுன்னு பாத்துட்டு வாங்கன்னு இதுவரைக்கும் யாரும் புள்ளைங்களைக் கேட்டதில்ல. மைசூர் பக்கத்துக் கல்லுக்கு சுண்ணாம்பு அடிக்கற புள்ளைங்களை நீங்க விட்டுட்டுப் போகாதீங்க."

அதற்குள் வாசலில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். நாகம்மாதான் பேசினாள். "அப்ப பண்டிகை இல்லியா சார்?"

வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் இன்ஜினீயரைப் பார்த்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பிள்ளைகளுக்கு எதிரே உட்கார்ந்தார். பெட்டி என்ன செய்யும், பீங்கான் எதற்கு, மேலே உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். பயமுறுத்தவில்லை. மழுப்பவும் இல்லை. ஷம்ஷாத் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"பெட்டி உங்களோடதுதான்" என்று முடித்தார். "உங்களோடதுங்கறதால அதை நீங்கதான் காவல் காக்கணும். எப்படின்னு நீங்களே சொல்லுங்க."

முதலில் கோலம் வந்தது. கோலத்தை மிதிக்கக்கூடாது என்று அந்த ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். எனவே பெட்டியைச் சுற்றி, எட்டத்தில், செம்மண்ணும் சுண்ணாம்பும் கரைத்து ஒரு பெரிய வட்டம் போட்டார்கள். நாங்கள் வேலி போட்டு முடிக்கும் வரை அந்த வட்டத்துக்குள் ஆடு போனது, ஆள் போகவில்லை.

அடுத்து தண்டோரா. பறையை நாங்களே அடிக்கிறோம் என்றார்கள். தண்டோராக்காரன் முதலில் தயங்கினான், பிறகு கொடுத்துவிட்டான். வாசகத்தைப் பிள்ளைகளே சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். கம்பத்தைத் தொடாதே, கம்பியைத் தொடாதே என்பது வரை பழையதுதான். அதற்குப் பிறகு ஆளுக்கொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

"ஏணி கொண்டாராதே."

"பந்து உள்ள போனா விட்டுடு, எடுக்கப் போவாதே."

"பட்டம் மாட்டினா குச்சி வெச்சுத் தள்ளாதே."

"கம்பி மேல ஈரத்துணி வீசாதே."

"காக்கா கூடு கட்டினா முட்டை பாக்க ஏறாதே."

"சார், கம்பத்து மேல எவ்ளோ ஒசரம் ஒண்ணுக்கு அடிக்கறதுன்னு பந்தயம் வெக்காதே" என்றான் ஒரு சின்னப் பையன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இன்ஜினீயரும் சிரித்தார். எழுதிக்கொண்டிருந்த என் கை மட்டும் நின்றுவிட்டது. அவர்கள் சொன்ன எதுவும் கற்பனை இல்லை. ஒவ்வொன்றும் அந்த வருஷம் முழுக்க அவர்கள் செய்தது, அல்லது நாளைக்குச் செய்ய வைத்திருந்தது. இத்தனை வருஷமாக எத்தனையோ ஊர்களில் இரண்டு வரியைச் சொல்லிவிட்டுச் சுவிட்சைப் போட்டிருக்கிறோம். ஒரு ஊரிலும் பிள்ளைகளைக் கேட்டதில்லை.

சாயங்காலம் பிள்ளைகள் பறையடித்துக்கொண்டு தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஊரைச் சுற்றினார்கள். முன்னால் கிரீடம் வைத்துக்கொண்டு ஷம்ஷாத். கொடியை இப்போது மூங்கில் குச்சியில் கட்டியிருந்தார்கள். எல்லையைத் தாண்டி அந்தப் பக்கத்து ஊருக்கும் போய்ச் சொல்லிவிட்டுத்தான் வந்தார்களாம். அங்கே இன்னும் கம்பமே நடவில்லை.

6. மறுநாள் காலை

இளைய வயர்மேன்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். லைன் கிளியரைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் ஆட்களை எண்ணுவீர்கள், கருவிகளை எண்ணுவீர்கள். அது போதாது. அந்த ஊரில் பள்ளிக்கூடம் இருந்தால், அங்கே போய்ப் பிள்ளைகளை எண்ணுங்கள். நான் அன்றிலிருந்து அதைச் செய்யாமல் ஒரு லைனுக்கும் கையெழுத்துப் போட்டதில்லை. விடுமுறை நாளில் புது லைனுக்கு மின்சாரம் விடுவதில்லை. பள்ளி நாளில், முதல் மணி அடித்த பிறகுதான்.

பதினாறாம் தேதி, வியாழக்கிழமை. காலையில் முதல் வேலையாகக் கொத்தசந்திரம் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கையுறையைக்கூட அதற்குப் பிறகுதான் சோதித்தேன். இன்ஜினீயர் ரோட்டில் சுவிட்ச் கம்பத்தடியில் காத்திருந்தார். எர்த் ராடைக் கழற்றி ஜீப்பில் வைத்துவிட்டு, மாரப்பன் வாசலில் நின்றான். தலைவரும் வந்து திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வாத்தியார் வருகைப் பதிவைத் திறந்து பெயர்களைக் கூப்பிட்டார். வழக்கமாகத் தலையை நிமிர்த்தாமல் கூப்பிடுவாராம். அன்று ஒவ்வொரு பெயருக்கும் நிமிர்ந்து முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பெயருக்குப் போனார். "ஆஜர் சார்", "ஆஜர் சார்" என்று குரல்கள் வந்துகொண்டே இருந்தன. கடைசியாக "ஷம்ஷாத்" என்றார்.

பதில் வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். தலைவர் தூணை விட்டு உள்ளே வந்துவிட்டார்.

பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. "ஆஜர் சார். கிரீடம் விழுந்துடுச்சு, எடுத்துக்கிட்டு இருந்தேன்."

நான் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மாரப்பனிடம் கொடுத்தேன்.